சந்திராஷ்டமத்தன்று ஒரு மலைக்குடில்

குடிலின் உரிமையாளரிடம் போனில் நான் கேட்ட முதல் கேள்வி, பக்கத்தில் ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர் என்பது. இரண்டாவது, அங்கே எந்த சிம் எடுக்கும். மூன்றாவது, ராத்திரியில் அவசரத்துக்குக் கூப்பிட்டால் வண்டி வருமா. நான்காவதாக, கட்டில் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று கேட்டேன்.

மறுமுனையில் அவர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. நீங்க நட்சத்திரம் பாக்க வர்றீங்களா, ஆஸ்பத்திரி பாக்க வர்றீங்களா?"

"ரெண்டும்தான்" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவருக்கு ஜவ்வாது மலைச் சரிவில் மூன்று மரக்குடில்கள். ஊர் வெளிச்சம் எட்டாத இடம் என்பதால் கேமராவும் தொலைநோக்கியுமாகச் சென்னையிலிருந்து ஆட்கள் வருவார்களாம். எல்லோரும் முதலில் கேட்பது இருட்டைப் பற்றித்தானாம். நான் இருட்டைப் பற்றிக் கேட்கவில்லை. நிலாவைப் பற்றியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பின்னால் வீட்டில் அவ்வளவு மாட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

போக வேண்டும் என்று கேட்டவள் என் மகள். ஒரே மகள். கல்லூரியில் இயற்பியல் முதல் ஆண்டு. சேர்ந்த முதல் வாரமே அங்கிருந்த வானியல் மன்றத்தில் பெயர் கொடுத்துவிட்டாள். நாங்கள் பீர்க்கன்கரணையில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறோம். ஜி.எஸ்.டி. ரோட்டு வெளிச்சமும் விமான நிலைய வெளிச்சமும் சேர்ந்து எங்கள் வானம் ராத்திரியிலும் டீ நிறத்தில் இருக்கும். மொட்டைமாடியில் நின்று ஒரு நாள் எண்ணிப் பார்த்துவிட்டுப் பதினொன்று என்று வந்து சொன்னாள். "அதுல ஒண்ணு பிளேனா இருக்கலாம். சரியா தெரியலை" என்றாள். டிசம்பரில் ஒரு விண்கல் மழை உண்டு, நல்ல இருட்டில் படுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு ஒன்றாவது விழும், அதை மட்டும் எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்றாள்.

இது ஜூலையில். ஆகஸ்டில் அவள் விழுந்தாள்.

பம்மலில் ஒரு கல்யாண மண்டபம். என் மனைவியோடு வேலை பார்க்கும் ஆசிரியையின் மகனுக்குக் கல்யாணம். முகூர்த்தம் விடியற்காலை நாலரையிலிருந்து ஆறு. தாலி கட்டி முடிந்து பந்திக்குப் போனோம். இடம் கிடைக்கக் காத்திருந்தபோது என் பக்கத்தில் நின்றிருந்த மகள் "அப்பா" என்றாள். அது கூப்பிட்ட குரல் மாதிரி இல்லை. திரும்புவதற்குள் அவள் கட்டையாகச் சாய்ந்து தரையில் கிடந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. கண் பாதி திறந்திருந்தது. ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. யாரோ "இரும்பு குடுங்க, சாவி குடுங்க" என்று கத்தினார். இருபத்தைந்து வருடம் இரும்போடு வேலை செய்கிறவன், அது எதற்கும் உதவாது என்று தெரிந்தவன், என் பைக் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் திணித்து, விரல்களை மூடி, என் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கும் என்று மனைவி சொல்கிறாள். எனக்கு அதை அளக்கத் தெரியவில்லை.

எல்லாப் பரிசோதனையும் எடுத்தார்கள். தலையை ஸ்கேன் செய்தார்கள். ஒயர்களை ஒட்டி மூளையின் அலைகளைப் பதிவு செய்தார்கள். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "எதுவும் இல்லை. தூக்கமில்லாம ஒரு தடவை வந்திருக்கு. சில பேருக்கு அந்த ஒரு தடவையோட சரி. கொஞ்ச காலத்துக்கு மாத்திரை சாப்பிடட்டும். தூக்கம் கெடக் கூடாது. மத்தபடி அவ எப்பவும் போல இருக்கலாம்" என்றார்.

நான் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு யூனிட்டில் தரம் பார்ப்பவன். வெல்டிங் செய்த இடத்தில் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, மேலே வெள்ளையாக ஒன்றை அடித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசலும் சிவப்புக் கோடாக எழும்பி வரும். எதுவும் எழும்பாவிட்டால் நான் கையெழுத்துப் போட வேண்டும். 'எதுவும் தெரியவில்லை' என்பதற்கும் 'எதுவும் இல்லை' என்பதற்கும் உள்ள தூரம் எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் டாக்டரம்மா சொன்ன வார்த்தை என் காதில் ஏறவில்லை.

அதன் பிறகு வீட்டில் நான் நடந்துகொண்டதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. குளியலறைக் கதவுக்குத் தாழ் போடக் கூடாது என்றேன். ராத்திரி அவள் அறை வாசலில் பாய் போட்டுப் படுத்தேன். மூச்சு ஒரு சீராக வருகிறதா என்று கேட்டுக்கொண்டே கிடப்பேன். ஒரு வாரம் கல்லூரி பஸ்ஸுக்குப் பின்னால் பைக்கில் போனேன். அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

"அப்பா, ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் உங்களைப் பாத்து ஜன்னல் வழியா கையாட்டறாங்க. நீங்களும் ஒரு தடவை ஆட்டிடுங்க. திமிரு புடிச்சவர்னு நினைச்சுக்கறாங்க."

அதோடு அதை நிறுத்தினேன்.

யாருக்கும் தெரியாமல் இன்னொன்று ஆரம்பித்திருந்தேன். எங்கள் யூனிட்டில் வருகைக்குப் பஞ்ச் வைக்கும் இடத்துக்கு மேலே ஒரு தினசரி காலண்டர் தொங்கும். இத்தனை வருடத்தில் நான் அதில் பார்த்தது தேதியையும், சிவப்பில் இருந்தால் விடுமுறை என்பதையும்தான். இப்போது அடியில் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். ராகு காலம், கரிநாள், அஷ்டமி, நவமி, எல்லாவற்றுக்கும் மேலாகச் சந்திராஷ்டமம். ஒருவருடைய ராசிக்கு எட்டாவது வீட்டில் சந்திரன் நிற்கிற அந்த இரண்டே கால் நாள் ஆகாது, பிரயாணம் வேண்டாம், புதிதாக எதையும் தொடங்க வேண்டாம் என்பார்கள். மகளின் நட்சத்திரம் அந்த இடத்தில் அச்சாகியிருந்தால் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடாது. வீட்டுக்கு நான்கு தடவை போன் செய்வேன். மற்றவர்கள் வீட்டில் காலண்டர் பார்த்துக் காரியம் செய்ததைக் கேலி பேசியே பழகியவன் நான். ஆகவே வீட்டில் பார்க்க முடியாது. காலையில் வேலைக்கு வந்ததும் நின்று படித்துவிட்டு, போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்வேன்.

எங்கள் மூத்த வெல்டர் பம்மல்காரர். தினமும் தாள் கிழிப்பது அவர்தான். ஒரு நாள் பிடித்துவிட்டார்.

"இன்னா சார், டெய்லி காலண்டராண்ட நின்னுகினு இன்னாத்த பாக்குற? பொண்ணுக்கு எதுனா எடம் வந்துகீதா?"

"இல்லண்ணா, சும்மா."

"சும்மா பாக்கறவன் போட்டோ புடிப்பானா?"

மகளுக்கு நட்சத்திரம் காட்ட மலைக்குப் போகிறோம், நாள் பார்க்கிறேன் என்று பாதி உண்மையைச் சொல்லிச் சமாளித்தேன்.

"அதுக்கு அம்மாந்தூரம் போவணுமா? கரண்டு போனா எங்க வூட்டு மாடில அல்லாமே தெரியும் சார். இன்னா, கொசுதான் பேஜாரு."

மலைக்குப் போக டாக்டரம்மாவிடம் மகளே அனுமதி வாங்கியிருந்தாள், அக்டோபரில். "போகலாமே. முழிச்சிருந்து பாக்காதே. தூங்கிட்டு எழுந்து பாரு" என்றார். வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தப்பிக்க வழியில்லை. சரி, ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு, நீங்கள் யாரும் தலையிட வேண்டாம் என்று சொன்னேன். என் பொறுப்பில் இருந்தால் பத்திரமாக இருக்கும் என்ற எண்ணம்தான்.

யூனிட் காலண்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு டிசம்பரைப் புரட்டினேன். மகள் சொன்ன அந்த வாரத்தில் அமாவாசை. அடுத்த நாளிலிருந்து அவளுக்குச் சந்திராஷ்டமம்.  பத்து நாள் தள்ளிப் போனால் நல்ல வளர்பிறை. சனிக்கிழமை. கரிநாள் இல்லை, அஷ்டமி நவமி இல்லை, சந்திராஷ்டமமும் வேறு யாருக்கோ. மனைவிக்கு அரையாண்டு விடுமுறையும் தொடங்கியிருக்கும். விண்கல் மழை என்றால் நம் மழை மாதிரி ஒரு பருவம்தானே, பத்து நாள் முன்னே பின்னே ஆனால் என்ன என்று முடிவு செய்து, முன்பணம் அனுப்பி, ராத்திரி சாப்பாட்டின்போது பெருமையாக அறிவித்தேன்.

மகள் தோசையைப் பிய்த்தபடி தேதியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"அப்பா, அதுக்குள்ள அது முடிஞ்சே போயிடும். அதுவும் இல்லாம அன்னிக்கு நிலா கிட்டத்தட்ட முழுசா இருக்கும். ராத்திரி பூரா டியூப்லைட் போட்ட மாதிரி இருக்கும். என்னத்தைப் பாக்கறது?"

"நிலாவைப் பாரு."

"நிலா இங்கயே தெரியுதே. எதுக்கு இந்த தேதி எடுத்தீங்க?"

அம்மாவின் விடுமுறை என்றேன். ஒரு நாள் லீவு போட்டுக்கொள்வேனே என்றாள் மனைவி. அந்த அமாவாசை வாரத்தில் குடில் காலியில்லை என்றேன். மகள் உடனே என் போனை எடுத்தாள். "நம்பர் இருக்கில்ல, நானே கேக்கறேன். பணம் அனுப்பின ஸ்க்ரீன்ஷாட் எங்க?" என்று படங்களைத் தள்ளிக்கொண்டு போனாள். கொஞ்ச தூரம் போனதும் விரல் நின்றது.

"அப்பா."

"ம்."

"கேலரி பூரா காலண்டரா இருக்கு."

மனைவி கையை நீட்டி வாங்கிப் பார்த்தாள். அவள் கணக்கு டீச்சர். விடைத்தாளைப் பார்ப்பது போலவே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சில படங்களில் நான் சந்திராஷ்டமத்தைச் சுற்றி விரலால் வட்டம் வேறு போட்டிருந்தேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பி.இ. மெக்கானிக்கல்" என்றாள். 

நான் இன்னொரு தோசையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"நான் விழுந்தேன்ல, அன்னிக்கு என்னம்மா போட்டிருந்தது?" என்று மகள் கேட்டாள்.

"வளர்பிறை முகூர்த்தம். சுத்துப்பட்டுல ஒரு மண்டபம் காலியில்லை அன்னிக்கு."

முதலில் சிரித்தது மகள்தான். அப்புறம் மனைவி. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியில் அது வேறாக மாறிவிட்டது. அவள் விழுந்ததிலிருந்து இவர்கள் முன்னால் நான் அழுதது அதுதான் முதல் தடவை. மகள் எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்த முகூர்த்தத்துக்காக நாம ரெண்டரை மணிக்கு எழுந்தோம். அதுக்கு முன்னாடி பன்னண்டு வரைக்கும் நான் ரெக்கார்ட் எழுதிட்டிருந்தேன். காலைல எதுவும் சாப்பிடவும் இல்லை. அவ்வளவுதான். நிலா ஒண்ணும் பண்ணலை."

"திரும்ப வந்துட்டா?"

"வரலாம். வராமலும் போகலாம். எனக்கும் பயம்தான். ஆனா நீங்க என்னையே பாத்துட்டு இருக்கறதைப் பாக்கும்போதுதான் அடுத்த நிமிஷம் வந்துடுமோன்னு இருக்கு."

நான் அதுவரை என் பயம் அவளைக் காவல் காக்கிறது என்று நினைத்திருந்தேன். அது அவள் மேல் போய் உட்கார்ந்திருக்கும் என்று யோசித்ததே இல்லை.

அப்போதே குடில்காரருக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள் மகள்.

"நானே கேக்கணும்னு இருந்தேன் சார். பௌர்ணமிக்கு முன்னாடி எதுக்கு வர்றாருன்னு. சரி, இவருதான் ஆஸ்பத்திரி பாக்க வர்றவராச்சேன்னு விட்டுட்டேன்."

மனைவி புரையேறி இருமினாள். அமாவாசைக்கு மறுநாள் ராத்திரிக்கு ஒரு குடில் இருந்தது. மாற்றிக் கொடுத்தார். சரியான சந்திராஷ்டமத்தன்று.

இதைப் படிக்கிறவர்கள் அதோடு நான் தெளிந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். டிசம்பர் பிறந்ததும் தினமும் காலையில் எழுந்து போனில் வானிலையைப் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் மேகம் விலக வேண்டும் என்று பார்த்தார்கள். மகள் ஏரிப் பக்கம் கறுத்திருக்கிறதா என்று மாடிக்குப் போய்ப் போய்ப் பார்த்து வந்தாள். நான் உள்ளுக்குள் மழை வரட்டும், போளூர் சாலை மூழ்கட்டும், யார் மேலும் பழி இல்லாமல் பயணம் நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். இதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. மழை இரண்டு நாள் அடித்தது. மூன்றாம் நாள் துடைத்துவிட்டது போல வெயில் வந்தது. "சூப்பர்ப்பா, தூசி எல்லாம் அடங்கிடுச்சு. இன்னும் நல்லாத் தெரியும்" என்றாள்.

புறப்பட்ட அன்று காலண்டரைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. என்ன எழுதியிருக்கும் என்று மனப்பாடமாகத் தெரியும். வாலாஜாபாத், காஞ்சிபுரம், ஆரணி, போளூர். காரை நான்தான் ஓட்டினேன். ஒவ்வோர் ஊரிலும் இருபத்துநாலு மணி நேர ஆஸ்பத்திரி எது என்று ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். மலை ஏறுகையில் மகள் ஜன்னலைத் திறந்துவிட்டு, காது அடைக்கிறது என்றாள். உடனே ஓரமாக நிறுத்தினேன். "மலை ஏறினா எல்லாருக்கும் அடைக்கும்ப்பா. எச்சில் முழுங்குங்க, சரியாயிடும்" என்றாள். எனக்கும் அடைத்துத்தான் இருந்தது. கவனிக்கவில்லை.

குடில் சின்னது. பலகைச் சுவர், ஒரே அறை, வெளியே கல் பரப்பிய திறந்தவெளி. உரிமையாளர் சூடாக ராகி களியும் கோழிக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். என்னைப் பார்த்து, "சார், ஆஸ்பத்திரி இப்பிடி" என்று கிழக்கே கையைக் காட்டிவிட்டு, "நட்சத்திரம் இப்பிடி" என்று மேலே காட்டினார். நாங்கள் போட்டிருந்த திட்டப்படி எட்டு மணிக்கு மகள் மாத்திரை போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். இரண்டரைக்கு எழ வேண்டும். அலாரம் அவள் போனில். கட்டில் வேண்டாம் என்று மெத்தையைத் தரையில் இழுத்துப் போட்டிருந்தேன். தாயும் மகளும் படுத்தார்கள். நான் கதவோரம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"நீங்களும் படுங்க" என்றாள் மனைவி.

"முழிச்சிருக்கேன். அலாரம் அடிக்கலைன்னா?"

மகள் தூங்கிவிட்டாள். மூச்சு ஒரே சீராக வந்தது. வெளியே பூச்சிகளின் சத்தமும் எங்கோ ஒரு நாய் குரைப்பும் தவிர எதுவும் இல்லை. கால் சில்லிட்டது. சுவரோரம் ஒரு மெத்தை மிச்சம் இருந்தது. முதுகை மட்டும் நீட்டலாம், கண்ணை மூட வேண்டாம் என்று அதில் சாய்ந்ததுவரை நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது பலகை இடுக்குகளில் வெளிறிய வெளிச்சம். பக்கத்து மெத்தை காலி. போர்வை இல்லை. யாரும் இல்லை. நான் எழுந்தேனா விழுந்தேனா தெரியாது, வெறுங்காலோடு கதவை முட்டித் திறந்துகொண்டு அவள் பெயரைக் கத்தியபடி வெளியே ஓடினேன். கல்லில் கால் விரல் இடித்து ரத்தம் வந்தது பிறகுதான் தெரிந்தது.

இருவரும் தார்ப்பாய் விரித்து, ஒரே கம்பளிக்குள், மல்லாந்து படுத்திருந்தார்கள். மகள் தலையை மட்டும் பின்னால் சாய்த்து என்னைத் தலைகீழாகப் பார்த்தாள்.

"மெதுவா, மெதுவா. முடிஞ்சிருச்சுப்பா. நூத்தி நாப்பத்தி ரெண்டு."

"என்னது?"

"எரிநட்சத்திரம். நான் எண்ணினது. அம்மா நூத்திப் பத்துக்கு மேல விட்டுட்டா."

"கழுத்து வலி" என்றாள் மனைவி.

ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்க நினைத்தேன். வந்தது கெஞ்சல்.

"ரெண்டு தடவை வந்து எழுப்பினேன். குறட்டை. மூணாவது தடவை அம்மாதான் வேண்டாம், விட்டுடுன்னா. நானும் கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு வந்துட்டேன். மூச்சு ஒழுங்கா வந்துச்சு."

கம்பளியின் ஓரத்தைத் தூக்கி இடம் விட்டாள். நானும் படுத்தேன். வானத்தில் ஒன்றும் இல்லை; கிழக்கே லேசாக மஞ்சள், மற்றபடி வெறும் சாம்பல் நிறம். அத்தனை தூரம் ஓட்டிக்கொண்டு போய் நான் ஒரு எரிநட்சத்திரமும் பார்க்கவில்லை. பார்க்காமல் போனதில் எனக்கு வருத்தமும் இல்லை. ராத்திரி முழுக்க அவள் என் கண் முன்னால் இல்லை, ஆனாலும் விடிந்திருக்கிறது, பக்கத்தில் படுத்துக் கொட்டாவி விடுகிறாள். உடம்பிலிருந்து ஏதோ பளு இறங்கியது மாதிரி இருந்தது. இப்போதும் அடுத்த அறையில் ஒரு தட்டு விழுந்தால் நான் எழுந்து நின்றுவிடுகிறேன். ஆனால் அந்த அரை மணி நேரம், முதுகில் கல் குத்த, நான் எதையும் காவல் காக்கவில்லை.

"பிப்ரவரில கிளப்புல ஏலகிரி போறாங்க" என்றாள் மகள், வானத்தைப் பார்த்தபடியே. "ரெண்டு நாள். நான் போறேன். பேரன்ட்ஸ் கிடையாது."

கேட்கிறாளா சொல்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவி கம்பளிக்குள் அசையாமல் இருந்தாள், நான் என்ன சொல்வேன் என்று கேட்பதற்காக.

"போறதுக்கு முந்தின நாள் நல்லாத் தூங்கிடு" என்றேன்.